பெயர் மட்டும் இல்லாத செய்தி

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் பிரிந்தது, பிறகு சேர்ந்தது, மறுபடியும் பிரிந்தது. மணிமொழியின் ஸ்கூட்டருக்கு மட்டும் இந்தச் சேதி போய்ச் சேரவேயில்லை. திருச்சியிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு, இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து அவள்தான் நிருபர். காலையில் பூலாம்பாடியில் சின்ன வெங்காயம் அழுகிப்போன விவசாயியைப் பார்ப்பாள். மத்தியானம் அரியலூரில் சிமெண்ட் லாரி மோதியதற்காக நடக்கும் சாலை மறியலைப் படம் எடுப்பாள். சாயங்காலத்துக்குள் இரண்டையும் போனிலேயே தட்டி அனுப்பிவிடுவாள். இரண்டு மாவட்டத்திலும் பெண் நிருபர் என்று இருந்தது அவள் ஒருத்திதான். கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேனிலிருந்து கட்சிக்காரர்கள் வரைக்கும் ‘பேப்பர்காரம்மா’ என்றால் அவள்தான், வேறு அடையாளம் தேவைப்பட்டதில்லை.

அவளுடைய அப்பா கருப்பண்ணன் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். பிறகு அரியலூர் டவுனுக்கு வந்து லோடு ஏற்றினார், மகளைக் கல்லூரிவரை படிக்கவைத்தார், அந்த அலுப்பிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா கொளஞ்சியம்மாள் வீட்டு வாசலிலேயே அடுப்பு போட்டு இட்லி விற்றாள். மணிமொழிக்குக் கல்யாணப் பேச்சு அவ்வப்போது வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் எங்காவது தீ விபத்து நடந்து தொலைத்தது. முப்பது தாண்டியதும் பேச்சு நின்றது, தீ விபத்துகள் நிற்கவில்லை.

நிருபர் என்றால் கனமான புத்தகங்களாகப் படித்துத் தள்ளுவார் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. பெரம்பலூர் புத்தகத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மணிமொழி போவாள். மேடையில் யாராவது ‘நல்ல நூல்களே நல்ல நண்பர்கள்’ என்று பேசுவார்கள். அதைத் தலைப்பாக்கிச் செய்தி அனுப்பிவிட்டு, மூலைக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய மாத நாவல்களைக் கிளறப் போவாள். அவள் படித்ததெல்லாம் துப்பறியும் கதைகள்தான். ஒரு கொலை விழ வேண்டும், ஐந்தாறு பேர்மேல் சந்தேகம் விழ வேண்டும், பாதிக் கதைக்குள் ஆளை அவள் பிடித்துவிட வேண்டும். பிடித்ததும் ஓரத்தில் பேனாவால் ‘இவன்தான்’ என்று எழுதிவைப்பாள். பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம் இது. சரியாக இருந்தால் அன்றைக்கு முழுக்கக் கர்வம். தப்பாகப் போனால், எழுதியவருக்குக் கதை கட்டத் தெரியவில்லை என்று முடித்துக்கொள்வாள்.

ஊரடங்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு மூடிக்கிடந்தது. பேப்பர் கடைக்காரர் கிளிப் போட்டுத் தொங்கவிடும் மாத நாவல்களும் வரவில்லை. மாவட்டத்தில் போலீஸ், பத்திரிகை, ஆம்புலன்ஸ் தவிர வண்டி ஓடவில்லை. இவ்வளவு காலியான சாலையில் அவள் ஸ்கூட்டர் ஓட்டியதேயில்லை, அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானத்துக்குமேல் வேலை ஓய்ந்துவிடும். பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கிப் பழைய நாவல்களையே மறுபடி எடுத்தாள். கொலைகாரன் யாரென்று தெரிந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வேறு வழியில்லாமல் படித்தாள்.

மே மாதத்தில் வேலை கூடியது. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்குப் பரிசோதனை செய்யச் செய்ய, அரியலூரும் பெரம்பலூரும் தினம் டிவியில் அடிபட்டன. திருச்சி ஆபீசில் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் குருமூர்த்தி போன் போட்டார்.

“பேரு போடக்கூடாதுன்னு உத்தரவும்மா. பேர மட்டும் வுட்டுடு. மத்ததெல்லாம் வேணும். அப்பதான் படிக்கிறவனுக்குச் செய்தின்னு தோணும்.”

மணிமொழி அதற்காக ஒரு வாசகம் தயார் செய்தாள். இன்ன ஊருக்கு அருகே, இன்ன கிராமத்தில், இன்ன தெருவைச் சேர்ந்த, இத்தனை வயது ஆண் அல்லது பெண், இன்ன தொழில் செய்பவர், வீட்டில் இன்னின்னார். தினம் அந்த இடங்களில் மட்டும் மாற்றிப் போட்டால் போதும். சுகாதாரத் துறையில் வயதும் ஊரும் தருவார்கள். தெருவும் தொழிலும் பஞ்சாயத்து ஆட்களிடம் கேட்டால் கிடைத்துவிடும். மாவட்ட நிருபர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதுவதை எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள், இன்றைக்கு நீ போனால் நாளைக்கு நான். வேறொரு பேப்பரின் நிருபர் ராஜவேல், அவளைவிட இளையவன், “யக்கா, அத குரூப்புல போட்டுவுடுங்க” என்றான். போட்டாள். அதன்பிறகு எல்லாப் பேப்பரிலும் மணிமொழியின் வாசகமே வந்தது. அதில் அவளுக்குச் சின்னப் பெருமைகூட இருந்தது.

கொள்ளிடக் கரையோரம் ஓர் ஊர். எந்த ஊர் என்று இங்கே சொல்வதாக இல்லை, மணிமொழி சொன்னதே போதும். கோயம்பேட்டில் பூ வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் தொற்று. மனைவிக்கு இருபத்துமூன்று வயது, எட்டு மாத கர்ப்பிணி. தெருவின் பெயரும் கிடைத்தது. எல்லாவற்றையும் உரிய இடத்தில் போட்டு அனுப்பினாள். மறுநாள் அந்த ஊரில் பேப்பர் படித்தவர்கள் செய்தியை முழுதும் படிக்கக்கூட இல்லை. கோயம்பேட்டில் பூ விற்ற ஆள், மாசமான பெண்டாட்டி, அந்தத் தெரு. அப்படி ஒரு வீடுதான் அங்கே இருந்தது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு குருமூர்த்தி மறுபடியும் கூப்பிட்டார். “மாசமா இருந்த பொண்ணு குணமாயிட்டாமே. போய்ப் பாரும்மா. சனங்களுக்குத் தைரியம் சொல்ற மாதிரி ஒண்ணு வேணும்.”

மணிமொழி போனாள். தெருமுனையில் தகரம் அடித்த கம்புகள் இன்னும் நின்றன. அந்தப் பெண் வாசல்படியில் ஒரு கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள். மணிமொழி வேப்பமரத்தடியில் தள்ளி நின்றுகொண்டாள்.

“ஒடம்பு எப்புடிம்மா இருக்கு?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. காய்ச்சல்கூட வரல. சும்மா படுக்கவச்சு அனுப்பிட்டாங்க. இங்க வந்தப்பறந்தான் செரமம். குழாயில தண்ணி புடிக்க வுடல. பால்காரரு தெருமுனையோடயே திரும்பிடுறாரு.”

அவள் முழங்கைவரைக்கும் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். பேச்சை நல்லபடியாக மாற்றலாமென்று மணிமொழி, “வளையலு நல்லாருக்கே. வளைகாப்பு ஆயிடுச்சா?” என்றாள்.

“ஆயிடுச்சுக்கா. மாமியா அஞ்சு வக சோறு கிளறி வச்சாங்க. தெருவுல ஒருத்தரு வரல. அம்மா ஊருலேருந்து வரவும் பாஸ் குடுக்கல. மாமியா தாலியறுத்தவங்க, நான் போடக்கூடாதுன்னுட்டாங்க. வாங்குன வளையல என்ன பண்றது, நானே போட்டுக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அழுதிருந்தால் மணிமொழிக்கு எதாவது சொல்ல வந்திருக்கும். சிரித்ததால், பிரசவம் எந்த மாதம் என்று கேட்டாள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள், கணவர் மறுபடி சென்னை போவாரா என்று கேட்டாள்.

“எழுதிக்குங்கக்கா. பேருதான் போட மாட்டீங்கல்ல” என்றாள் அந்தப் பெண். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். முகத்தைப் படம் எடுக்காமல், வளையல் போட்ட கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு மணிமொழி கிளம்பினாள்.

அன்றைய செய்தி, ‘கொரோனாவை வென்ற கர்ப்பிணி’. கடைசி வரியாக ‘இதனால் அப்பகுதி மக்கள் மகிழ்ச்சி அடைந்தனர்’ என்று இருந்தது. பாலம் கட்டினாலும் போர்வெல் போட்டாலும் திருடனைப் பிடித்தாலும் அந்த வரியில்தான் அவள் முடிப்பாள், கை தானாக எழுதிவிட்டது. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. எந்தப் பகுதி, எந்த மக்கள்? குருமூர்த்தியைக் கூப்பிட்டாள். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

“அது போவட்டும் சார். இனிமே தெருவு, தொழிலு எல்லாம் வேணாம்னு நெனைக்கிறேன். ஆளக் கண்டுபுடிச்சுடுறாங்க.”

“அதையும் எடுத்துட்டா செய்தில என்னம்மா இருக்கு? நம்பருதான் இருக்கும். அத டிவிலயே பாத்துப்பான், எதுக்கு நம்ம பேப்பர வாங்குறான்? பேரு போடலல்ல? வுடு.”

விட்டுவிட்டாள். மேலே பேசியிருக்கலாம். பேசவில்லை.

அந்த வாரம் அவள் கையில் இருந்த நாவல் ஒரு பங்களாக் கொலை. முதலாளி செத்துக்கிடக்கிறார். டிரைவர், தோட்டக்காரர், சமையல்காரி, தம்பி, வக்கீல் எல்லோர்மேலும் சந்தேகம். பத்தாம் வகுப்பில் படித்தபோது சமையல்காரியின் பெயருக்கு நேரே ‘இவள்தான்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தாள். செய்தது தம்பி. முதல் தடவை படித்தபோது தம்பி அகப்பட்டதோடு கதை முடிந்துவிட்டதென்று புத்தகத்தை மூடியவள், இந்தத் தடவை கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். துப்பறிபவர் கூடத்தில் உட்கார்ந்து, விளக்கம் சொல்லி முடித்து, காபி குடிக்கிறார். அந்தக் காபியை யார் போட்டது? நடுவில் ஐந்து அத்தியாயத்துக்கு அந்தச் சமையல்காரியை ஊரே கொலைகாரியாகப் பார்த்தது. மளிகைக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவள் மகளின் நிச்சயதார்த்தம் நின்றுபோனது. தம்பியைப் பிடித்த பிறகு யாராவது அவளிடம் போய் ஒரு வார்த்தை சொன்னார்களா? நிச்சயதார்த்தம் மறுபடி நடந்ததா? கதாசிரியர் எழுதவில்லை. அவருக்கு அவள் அதற்குமேல் தேவைப்படவில்லை.

மணிமொழி பெட்டியில் இருந்த மற்ற நாவல்களையும் எடுத்துக் கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டினாள். எதிலும் சந்தேகப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளே ஓரத்தில் ‘இவன்தான்’ போட்டுவைத்த ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பாதிக்குப் பாதி ஒரு பாவமும் அறியாதவர்கள். பெயரைச் சொல்லாமல் வயதையும் வேலையையும் நடையையும் சொல்லி ஆளைக் காட்டும் வித்தையை அவள் எங்கே கற்றாள் என்பது அப்போது விளங்கியது. ஊரார் அவளுடைய செய்தியைத் துப்பறியும் கதையாகப் படிக்கிறார்கள். அவளாவது பாதிக் கதைவரை போவாள், அவர்கள் இரண்டாவது வரியிலேயே ‘இவள்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் நிஜம்தான். ஆனால் மறுநாளும் அதே வாசகத்தில்தான் செய்தி போயிற்று, அதற்கு மறுநாளும். வெட்கப்படுவது ஒரு வேலை, பழக்கத்தை விடுவது இன்னொரு வேலை. இரண்டாவதுக்கு அவளிடம் நேரமில்லை.

வருஷம் ஓடியது. தேர்தல் வந்தது, ஓட்டு எண்ணினார்கள், கூடவே இரண்டாம் அலையும் வந்தது. ஆக்சிஜன் படுக்கை இல்லை என்ற செய்திக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் அலைந்ததில் மணிமொழிக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு கல்லூரி விடுதியில் போட்டிருந்த சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். மாற்றுத்துணியோடு நாலைந்து மாத நாவலும் பையில் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது, ஆனாலும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

ஆம்புலன்சில் ஏறும் முன் ராஜவேலுக்குப் போன் போட்டாள். “ரெண்டு வாரம் நீதான் எனக்கும் சேத்து அனுப்பணும் ராஜவேலு. இன்னிக்கி கணக்குல என்னையும் சேத்துக்க. பேரு மட்டும் வேணாம்ப்பா.”

“சேச்சே, என்னக்கா இப்புடிச் சொல்றீங்க, பேரு போடுவனா? நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க.”

மறுநாள் விடுதிக் கட்டிலில் படுத்தபடி போனில் தன் பேப்பரைத் திறந்தாள். தினசரிப் பட்டியலுக்குக் கீழே தனியாக ஒரு செய்தி. அரியலூரில், அவள் தெருவின் பெயர் போட்டு, அந்தத் தெருவைச் சேர்ந்த முப்பத்தாறு வயதுப் பெண் நிருபர். இவரது தாயார் அதே தெருவில் இட்லிக் கடை நடத்தி வருகிறார். தலைப்புக்குக் கீழே ‘நமது நிருபர்’ என்று இருந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பேப்பரில் அரியலூர் என்றால் ‘நமது நிருபர்’ அவள்தான். அவளே அவளைப்பற்றி எழுதியதாக அச்சாகியிருந்தது. ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை, வாசகம் அவளுடையதுதானே.

போனில் ராஜவேல் வந்தான். “என்னக்கா, கோவமா இருக்கீங்கன்னாங்க? பேரு போடலியேக்கா!”

அவனைத் திட்ட வாய் வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மணிமொழிக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. “நல்லாத்தான் எழுதிருக்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். கொண்டுபோன நாவல்களை அவள் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்கள் கேட்டபோது எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

குணமாகி வீடு வந்தாள். தனித்திருக்க வேண்டிய நாட்களும் தாயும் மகளுமாகக் கழிந்தன. சுகாதாரத் துறையினர் வந்து ஒன்றுமில்லை, கடை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கொளஞ்சியம்மாள் அன்றைக்கே அரிசி ஊறப்போட்டாள். விடிந்ததும் வாசலில் கோலம் போட்டு, அடுப்பை மூட்டி, பார்சல் மட்டும் என்று எழுதிய அட்டையையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவரும் வரவில்லை. முந்தி “கொளஞ்சியக்கா, நாலு இட்லி” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்த பெண்கள், எதிர்ச்சாரியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். சிமெண்ட் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தாமலே ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். அதுவரைக்கும் மரியாதை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அச்சில் வந்த வாய்க்கு எங்கே போய் மூடி தேடுவது?

அம்மாவுக்கு இட்லிக் கடை பிழைப்பு மட்டுமில்லை. தெருவோடு அவளுக்கு இருந்த பேச்சு முழுவதும் அந்த அடுப்பைச் சுற்றித்தான். யார் வீட்டில் சண்டை, யார் மகளுக்கு இடம் கூடிவந்தது, எல்லாம் இட்லியோடு வந்து இட்லியோடு போகும். இப்போது எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டது. மணிமொழி பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

“கொஞ்ச நாளு கடைய மூடிவையேம்மா. எதுக்கு அவிச்சு அவிச்சு மாட்டுக்குப் போடுற?”

“மூடினா நமக்கு வியாதி இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்டி. அவங்க வரலன்னா அவங்க இஷ்டம். நான் அவிப்பேன்.”

அம்மாவின் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். ஆனால் நாளுக்கு நாள் அம்மா ஊறப்போடும் அரிசி குறைந்துகொண்டே வந்தது. அது முழுதாக நின்றுபோகும் நாளைத்தான் மணிமொழி பயந்துகொண்டிருந்தாள். அதைச் செய்தது யாரென்று ராஜவேலையும் காட்ட முடியாது, குருமூர்த்தியையும் காட்ட முடியாது. வேலைக்குத் திரும்பிய நாள் அந்த வாசகத்தைப் போனிலிருந்து அழித்தாள். ஊரும் வேண்டாம் தெருவும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் அனுப்பினாள். குருமூர்த்தி, “என்னம்மா மொட்டையா இருக்கு” என்றார். “அவ்வளவுதான் சார்” என்றாள்.

ஒருநாள் கலெக்டர் ஆபீசிலிருந்து மத்தியானம் திரும்பினாள். அம்மா இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் மாட்டுக்கு வைக்கும் தொட்டி காலியாக இருந்தது.

“மாடு அதுக்குள்ள வந்து தின்னுட்டுப் போயிடுச்சாம்மா?”

“மாட்டுக்கு எங்கடி இருக்கு? காலையில ஒரு பொண்ணு வந்து ஈடு எடுத்து வச்சிருந்த இட்லி அவ்வளவையும் வாங்கிட்டுப் போச்சு.”

“யாரு?”

“யாரோ. புருஷன்கூட வண்டியில வந்துச்சு. இடுப்புல ஒரு வயசுப் புள்ள, ஆசுபத்திரிக்கு ஊசி போடக் கொண்டாந்துருக்கு. கொள்ளிடத்துக் கரைப் பக்கமாம். நிருபரு வூட்டு இட்லிக் கடை எதுன்னு தெருவுல விசாரிச்சுட்டே வந்துருக்கு. பேப்பர்ல போட்டுருந்துச்சாமே.”

மணிமொழி ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“புருஷன் என்ன பண்றாராம்?”

“கோயம்பேட்டுல பூ யாவாரம் பண்ணுனாராம். இப்ப இங்கயே சைக்கிள்ல கொண்டு விக்கிறாராம். இத்தன இட்லி எதுக்கு ஆயின்னு கேட்டேன். ‘எங்க வூட்டுக்கும் அப்ப யாரும் வரலம்மா, அதான் வந்தோம்’னுச்சு. நின்னு ரெண்டு இட்லி இங்கயே புள்ளைக்கு ஊட்டிட்டுத்தான் போச்சு. எதுத்த வூட்டுக்காரி பாத்துக்கிட்டே நின்னா.”

அந்தப் பெண் தன்னைத் தேடி வந்தாளா, அம்மாவைத் தேடி வந்தாளா, எழுதியது யாரென்று தெரிந்தே வந்தாளா என்று மணிமொழிக்குத் தெரியவில்லை. தெரிந்தேதான் வந்திருப்பாள். அந்த வாசல்படியும், ஊன்றிய கையும், முழங்கைவரை இருந்த வளையலும் அப்படியே கண்முன்னால் வந்தன. வயது தெரியும், தெரு தெரியும், எந்த மாதம் பிரசவம் என்பதுகூடத் தெரியும்.

கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“தெரிஞ்ச பொண்ணாடி?”

“ம்.”

“நல்ல பொண்ணு. நாளைக்கி எதுத்தவூட்டுக்காரி கேப்பா, சொல்லணும். பேரு என்ன?”

மணிமொழி கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள்.

“தெரியாதும்மா. நான் கேக்கல.”

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுநாளைக்கு அரிசி அளக்க உள்ளே போனாள்.